ஐம்பதாயிரம் டாலர் காகிதம்

தபால் தலையைப் பார்ப்பதற்காகவே இந்தப் படத்தைப் போட்டேன். கொலையைச் செய்தது யார் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அபூர்வமான ஒரு தபால் தலை திருடு போவதை வைத்து ஒரு பழைய அமெரிக்கப் படம் இருக்கிறது என்று தெரிந்ததும், அந்தத் தபால் தலையை எப்படிக் காட்டியிருப்பார்கள், இடுக்கியால் எடுப்பார்களா வெறும் விரலால் எடுப்பார்களா, எந்த உறையில் வைத்திருப்பார்கள் என்ற கேள்விகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. சிறு வயதில் தபால் தலை சேர்த்தவர்களுக்கு இந்தக் கண் போகாது. திரையில் யாராவது ஒரு தபால் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் நமக்கு நெஞ்சு பதறும்.

படம் 'தி மாண்டரின் மிஸ்டரி'. 1936-இல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் எடுத்தது. இயக்கியவர் ரால்ஃப் ஸ்டாப். ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். தொலைக்காட்சிக்காக இன்னும் சுருக்கிய பிரதிகளும் உலவுகின்றன. ஜோசபின் டெம்பிள் என்ற இளம்பெண் 'சைனீஸ் மாண்டரின்' என்ற தபால் தலையோடு நியூயார்க் வருகிறாள். அதன் மதிப்பு ஐம்பதாயிரம் டாலர். டாக்டர் கர்க் என்ற சேகரிப்பாளருக்கு அதை விற்பதாக ஏற்பாடு. ஓட்டலில் அது காணாமல் போகிறது, பிறகு பிணங்கள் விழுகின்றன. எல்லரி குவீன் என்ற இளம் துப்பறிவாளன் அவளுக்கு உதவப் புறப்படுகிறான். அவன் அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர். முடிவை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. பார்க்க நினைப்பவர்களுக்கு அந்தச் சின்ன இன்பமாவது மிஞ்சட்டும்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஒட்ட வேண்டிய தபால் தலை 3 சென்ட். அந்த 3 சென்டுக்கும் இந்த 50,000 டாலருக்கும் இடையில் இருக்கும் தூரத்தில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. இரண்டுமே கோந்து தடவிய ஒரு துண்டுக் காகிதம்.

ரிபப்ளிக் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இந்தக் காகிதத்தின் அருமை இன்னும் புரியும். ஹெர்பர்ட் யேட்ஸ் என்பவர் ஃபிலிம் கழுவிப் பிரதி எடுக்கும் பெரிய லேப் ஒன்றின் முதலாளி. பொருளாதார மந்தக் காலம். சின்னச் சின்னத் தயாரிப்பு நிறுவனங்கள் பல, லேபுக்குத் தர வேண்டிய பாக்கியோடு தள்ளாடிக்கொண்டிருந்தன. யேட்ஸ் 1935-இல் அவற்றில் சிலவற்றை ஒரே குடைக்குள் சேர்த்து ரிபப்ளிக் என்று பெயர் வைத்தார். மோனோகிராம் வந்தது, மாஸ்காட் வந்தது. மாஸ்காட்டை நடத்திய நாட் லெவின்தான் இந்தப் படத்தின் தயாரிப்பாளர். தொடர் படங்களையும் குதிரைச் சண்டைப் படங்களையும் மின்னல் வேகத்தில் எடுத்துப் பழகிய கை.

அன்றைய தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவார்கள். பெரிய நட்சத்திரங்கள் நடித்த படம் ஒன்று. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. சின்னப் படத்துக்கு இவ்வளவு வாடகை என்று முன்கூட்டியே பேசியாகிவிடும். கூட்டம் எவ்வளவு வந்தாலும் கிடைப்பது அதேதான். ஆகவே லாபம் வேண்டுமென்றால் செலவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. சில அறைகள், ஒரு வரவேற்பு மேசை, ஒரு தாழ்வாரம், நிறையப் பேச்சு.

இப்படிப்பட்ட படத்துக்குத் தபால் தலையைவிடப் பொருத்தமான திருட்டுப் பொருள் உண்டா? வைரம் என்றால் ஒளி வேண்டும், அதற்கேற்ற கழுத்து வேண்டும், விருந்துக் கூடம் வேண்டும். தங்கம் என்றால் சுமக்க ஆள், வண்டி. தபால் தலைக்கு ஒன்றுமே வேண்டாம். 'இது ஐம்பதாயிரம் டாலர்' என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்து சொன்னால் போதும், அந்தக் கணத்தில் அது ஐம்பதாயிரம் டாலர் ஆகிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிஜ உலகிலும் தபால் தலைக்கு விலை வருவது இதே வழியில்தான். அறிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து நம்புகிறார்கள், நம்பிக்கை விலையாகிறது. பணமில்லாத ஒரு ஸ்டூடியோ தெரிந்தோ தெரியாமலோ இதன் மையத்தைத் தொட்டுவிட்டது.

இன்னொரு விஷயமும் மனதில் ஓடியது. அமெரிக்காவில் பணத்தையும் தபால் தலையையும் படம் பிடிக்கக் கள்ளநோட்டுத் தடைச் சட்டம் அந்நாளில் கடுமையாகக் குறுக்கே நின்றது. சினிமாவில் காட்ட 1958-இல் வந்த சட்டத்திருத்தம்தான் வழிவிட்டது. அமெரிக்கத் தபால் தலையைத் திரை நிறையக் காட்டுவது அன்று சாதாரணக் காரியமில்லை. எங்கோ தூரத்துச் சீனாவின் பெயரைச் சூட்டிய கற்பனைத் தபால் தலைக்கு அந்தத் தொல்லை கிடையாது. சீனா தன் முதல் தபால் தலைகளை 1878-இல் வெளியிட்டது; அவற்றில் இருப்பது டிராகன். சேகரிப்பாளர்கள் அவற்றைப் 'பெரிய டிராகன்' என்பார்கள். மாண்டரின் என்பது பழைய சீன அரசின் உயர் அதிகாரியைக் குறிக்கும், ஹாலிவுட் கேட்டு மயங்கிய ஒரு சொல். டிராகனை விட்டுவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பதும் எனக்கு உறுத்தியது. தபால் தலைக்கு உயிர் நிறத்தில் இருக்கிறது. ஸ்வீடனில் 1855-இல் வந்த மூன்று ஸ்கில்லிங் தபால் தலை பச்சை நிறம். தவறிப்போய் மஞ்சளில் அச்சானதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. 1996-இல் அது இருபத்தெட்டு லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கும் மேல் விலை போனது. அந்த மஞ்சளையும் அதன் பச்சை உடன்பிறப்பையும் கறுப்பு வெள்ளைக் கேமரா முன்னால் வையுங்கள். இரண்டும் சாம்பல். உலகின் மிக விலையுயர்ந்த பிழைகளில் ஒன்று அங்கே கண்ணுக்கே தெரியாது. இந்தப் படத்தில் தபால் தலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பூதக்கண்ணாடியை அதன் மேல் நகர்த்தி, ஓரத்துப் பல் வரிசையையும் முத்திரைக் கறையையும் காட்டியிருக்கலாம். அதற்குப் பைசா செலவில்லை.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் தபால் தலை எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்பதை நினைத்தால் ஏமாற்றம் கூடுகிறது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தீவிரச் சேகரிப்பாளர். அவருடைய தபால் துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லி, புதிய தபால் தலைகள் அச்சானதும், துளையிடாத, கோந்து தடவாத முழுத் தாள்களை முகமதிப்பை, அதாவது அதில் அச்சிட்ட விலையை மட்டும், கொடுத்து வாங்கி ஜனாதிபதிக்கும் நண்பர்களுக்கும் பரிசாகக் கொடுத்துவிட்டார். பொதுமக்களுக்குக் கிடைக்காத தாள்கள். வெளியே வந்தால் பெரும் தொகை. நாடெங்கும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள், விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் 1935 மார்ச்சில் அதே மாதிரியான தாள்களை எல்லோரும் வாங்கும்படி மறுபடி அச்சிட்டு விற்றார்கள். மொத்தம் 20 வகை. சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றை 'ஃபார்லியின் அசட்டுத்தனங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவும் நடந்த மறு ஆண்டு இந்தப் படம் வருகிறது. தபால் தலைக்காக ஒருவன் கொலை செய்வானா என்று அன்றைய ரசிகர் கேட்டிருக்க மாட்டார். அந்த அளவுக்குச் செய்தித்தாள்களே அவர்களைத் தயார் செய்திருந்தன.

படத்துக்கு மூலம் 1934-இல் வந்த ஒரு நாவல், 'தி சைனீஸ் ஆரஞ்ச் மிஸ்டரி'. எல்லரி குவீன் என்ற புனைபெயரில் எழுதியவர்கள் ஃபிரெடரிக் டானே, மான்ஃப்ரெட் லீ என்ற இரண்டு உறவுக்காரர்கள். ஆசிரியருக்கும் துப்பறிவாளனுக்கும் ஒரே பெயர். நாவலில் கொலையுண்டவனின் உடைகள் முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கின்றன. அறையில் இருக்கும் சாமான்களும் தலைகீழாய், திரும்பிய நிலையில். ஏன் என்பதுதான் புதிர். தபால் தலை உலகத்தைத் தெரிந்தவனுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். ஏனென்றால் திரும்பிப்போனதற்குத்தான் இங்கே மதிப்பு. சரியாக அச்சான தபால் தலை ஏட்டில் ஒரு மூலையில் கிடக்கும். தலைகீழாக அச்சானது கண்ணாடிக்குள் போகும்.

படமோ இந்தக் குளிர்ந்த புதிரை நகைச்சுவையாக மாற்றிவிட்டது. எல்லரியாக வரும் எடி குவிலன், மாக் சென்னட்டின் ஊமைப்பட நகைச்சுவைகளில் வளர்ந்தவர். துறுதுறுவென்று ஓடுகிறார், சிரிக்கிறார், கதாநாயகியைச் சீண்டுகிறார். நாவலின் ரசிகர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. எனக்கு அவரைப் பிடித்தது. ஆனால் அவர் மூளைக்காரன் என்று மட்டும் நம்ப முடியவில்லை. ஓட்டல் மேலாளராக ஃபிராங்க்ளின் பேங்போர்ன் வருகிறார். படபடப்பும் பதற்றமுமாய், விருந்தினர் கொலையுண்டதைவிட ஓட்டலின் பெயர் கெடுவதற்கே கலங்கும் அந்த மாதிரி மனிதரை அவர் எத்தனையோ படங்களில் செய்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே செய்திருக்கிறார்.

நான் அதிக நேரம் பார்த்தது ஜோசபினாக வரும் சார்லட் ஹென்றியைத்தான். மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1933-இல், பாரமவுண்ட் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையைப் பெரும் பொருட்செலவில் எடுத்தபோது நாடு முழுக்கத் தேடிப் பிடித்து இவரை ஆலிஸ் ஆக்கினார்கள். பத்திரிகை அட்டை, விளம்பரம், ஊர் ஊராகப் படம். படம் ஓடவில்லை. 1936-இல் அதே பெண், வயது இருபத்திரண்டு, ரிபப்ளிக்கின் சின்ன அறைகளுக்குள் கைப்பையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். நடிப்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை. தன்னைச் சுற்றி எல்லாம் அவசரமாக நடந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் தபால் தலை நிஜம் என்று நம்புவதுபோல் இருக்கிறது. அது தொலைந்தது என்று தெரியும்போது முகத்தில் வருகிற அந்தத் திகைப்பு இந்தப் படத்தின் தரத்துக்கு மேற்பட்டது.

படம் வந்த அதே 1936-இல் நிஜமாக ஒன்று நடந்தது. எதெல் என்ற பெண்மணி, டோ ஜோன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மகள், பின்னாளில் மெக்காய் என்ற குடும்பப் பெயரால் அறியப்பட்டவர், நான்கு தபால் தலைகள் சேர்ந்த ஒரு கட்டத்தை 16,000 டாலருக்கு வாங்கினார். 'இன்வெர்டெட் ஜென்னி' என்று சொல்வார்களே, விமானம் தலைகீழாகப் பறக்கும் 24 சென்ட் தபால் தலை, அதில் நான்கு. 1918 மே மாதம் வில்லியம் ரோபி என்பவர் தபால் நிலையத்தில் முகமதிப்புக் கொடுத்து வாங்கிய நூறு தபால் தலைத் தாளிலிருந்து வந்தவை. ரோபி அந்தத் தாளை 15,000 டாலருக்கு யூஜின் க்ளைன் என்ற வியாபாரியிடம் விற்றார். அடுத்து அது கர்னல் கிரீன் என்ற பணக்காரரிடம் 20,000 டாலருக்குப் போனது. தாளைப் பிரிக்கும் முன் க்ளைன் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு தபால் தலையின் பின்புறத்திலும் பென்சிலால் மெல்லிசாக அதன் வரிசை எண்ணை எழுதினார். 1 முதல் 100 வரை.

1955 செப்டம்பர். வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் அமெரிக்கச் சேகரிப்பாளர் சங்கத்தின் மாநாடு. மெக்காயின் நான்கும் அங்கே கண்காட்சியில் இருந்தன. யாரோ எடுத்துவிட்டார்கள். எப்படி என்பதோ யார் என்பதோ இன்றுவரை நிரூபணமாகவில்லை. எடுத்தவர் நான்கையும் தனித்தனியாகப் பிரித்தார். பின்னாலிருந்த பென்சில் எண்ணை மறைக்கப் பார்த்த தடயங்களும் உண்டு. 65, 66, 75, 76 என்பவை அந்த எண்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எதுவும் வெளியே வரவில்லை. 1977-இல் ஒன்று சிக்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் இன்னொன்று. அதற்குள் மெக்காய் அவற்றின் உரிமையைச் சங்கத்தின் நூலகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு 1980-இல் காலமாகியிருந்தார். மூன்றாவது 2016-இல் வெளிப்பட்டது. அயர்லாந்துத் தீவின் வடபகுதியிலிருந்து ஓர் இளைஞர், தாத்தா வழியாக வந்தது என்று அதை ஏல நிறுவனத்திடம் கொண்டுவந்தார். நிபுணர்கள் பார்த்ததும் அது 76 என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் அதை ஒப்படைத்தார். அவருக்குச் சன்மானமாகக் கிடைத்தது 50,000 டாலர்.

படத்தில் சொல்லப்படும் அதே தொகை. அந்த எண்ணைப் படித்தபோது நான் எழுந்து அறையில் கொஞ்சம் நடந்தேன்.

66 இன்னும் கிடைக்கவில்லை.

இந்தச் சின்னப் படம் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது: திருடிய தபால் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வைரத்தை வெட்டலாம், தங்கத்தை உருக்கலாம். தபால் தலையைத் தொட்டால் அதன் மதிப்பு போய்விடும். தொடாமல் வைத்தால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். பெயர் பெற்ற ஒவ்வொரு அபூர்வத் தபால் தலையும் ஒரு மனிதரைப்போல. தழும்பும் மச்சமும் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் இங்கிலாந்திலிருந்து சரக்கு வரத் தாமதமானதால் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அடித்தது. போலி வந்துவிடக் கூடாதே என்று தபால் ஊழியர்கள் ஒவ்வொன்றிலும் கையால் சுருக்கொப்பம் இட்டார்கள். மூலைகளை வெட்டிய, நிறம் மங்கிய, அழகென்று சொல்ல முடியாத காகிதம். 1873-இல் ஒரு பள்ளிச் சிறுவன் கையில் கிடைத்து, சில ஷில்லிங்குக்கு விற்று, 2014-இல் 94 லட்சம் டாலரைத் தாண்டியது. இருப்பது ஒன்றே ஒன்று. அதைத் திருடுகிறவன் எந்த ஏலத்துக்குக் கொண்டுபோவான்? இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படித் தனியாகப் பார்ப்பது ஒன்றே போதும் என்கிற ஆசைதான் நிஜமான குற்றக் கதை. படம் அதன் வாசல்வரை வந்துவிட்டு, இன்னொரு நகைச்சுவைக் காட்சிக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த ஆசையைப் பற்றி எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் சித்தப்பாவின் ஆல்பத்திலிருந்து ஒரு தபால் தலையை எடுத்துவிட்டேன். மங்கோலியாவுடையது, முக்கோணம், ஒட்டகம் போட்டது. விலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. முக்கோணமாகவும் ஒரு தபால் தலை இருக்க முடியும் என்பதே என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதை என் ஆல்பத்தில் ஒட்ட முடியாது என்று. சித்தப்பா வாரம் ஒருமுறை என் ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பார். நண்பர்களிடம் காட்ட முடியாது. அவர்கள் அவரிடம் சொல்லிவிடுவார்கள். ஒரு அகராதியின் நடுவில் வைத்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துப் பார்ப்பேன். சித்தப்பா ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமையை 28-ஆவது ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. இதுவும் அப்படியே பொதுச்சொத்து ஆனது. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், பிரதியிலிருந்து பிரதி எடுத்தார்கள். நான் பார்த்ததில் ஓரங்கள் வெளிறியிருந்தன, சில இடங்களில் பேச்சு அறுந்து தாவியது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பெட்டியில் போடுவதற்காக எடுத்த படம் இத்தனை ஆண்டுகள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. உறையோடு கிழித்துப் போட வேண்டிய ஒரு தபால் தலையை யாரோ வெந்நீரில் நனைத்து எடுத்து வைத்ததுபோல.

க்ளைனின் பென்சிலைப் பற்றிப் படித்த அன்றிரவு அந்த அகராதியைத் தேடி எடுத்தேன். முக்கோணம் அங்கேயே இருந்தது. பக்கத்தில் அதன் நிழல்போல் ஒரு மஞ்சள் கறை. இத்தனை ஆண்டுகளில் அதன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இடுக்கியால் மெல்லத் திருப்பினேன். பின்புறம், ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சின்னக் காகிதத் துண்டான பழைய ஹிஞ்ச் ஒட்டியிருந்த தடத்துக்குக் கீழே, சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் பென்சிலால் 47 என்று எழுதியிருந்தது.

அவருடைய ஆல்பம் இப்போது சித்தப்பாவின் மகளான என் தங்கையிடம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "46 இருக்கு அண்ணா, 48 இருக்கு. நடுவுல இடம் விட்டு வச்சிருக்கார்."